சிறு படகுகளின் உட்புற மேற்பரப்புப் பொருட்கள்

சிறு படகுகளின் உட்புற மேற்பரப்புப் பொருட்கள் என்பன, உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள சிற்றறையைக் கொண்ட பாய்ப் படகுகளிலும் இயந்திரப் படகுகளிலும் அவ்வறையின் சுவர், கூரை, தரை, மேசைப்பரப்பு முதலியவற்றை மூடப் பயன்படும் பொருட்கள் ஆகும். வண்ணப்பூச்சு, வார்னிஷ் பூசிய மரம், ஒட்டுப்பலகை, லேமினேட் தகடு, வினைல் துணி, கம்பளம் என்பன இவற்றுள் முதன்மையானவை. இக்கட்டுரை ஏறத்தாழ 6 முதல் 10 மீட்டர் வரை நீளமுள்ள, கண்ணாடியிழையால் ஆன படகுகளையே சிறப்பாகக் கருத்திற் கொள்கின்றது. ஐரோப்பிய, வட அமெரிக்கக் கரையோரங்களில் இத்தகைய படகுகள் ஏராளமாக உள்ளன. அவற்றுட் பல 1960களிலும் 1970களிலும் கட்டப்பட்டவை. அவற்றின் வெளியோடு இன்றும் உறுதியாக இருக்க, உட்புறப் பூச்சுகளும் உறைகளும் மட்டும் ஆயுள் முடிந்த நிலையில் காணப்படுவது வழக்கம். எனவே பழைய படகை வாங்கிப் புதுப்பிப்போர் எதிர்கொள்ளும் முதல் வேலைகளுள் உட்புறச் சீரமைப்பும் ஒன்றாகின்றது.

வீட்டின் உட்புறத்துக்குப் பொருள் தெரிவு செய்வதற்கும் படகின் உட்புறத்துக்குத் தெரிவு செய்வதற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. வீட்டில் சுவருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் செங்கல். படகிலோ அதற்குப் பின்னால் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ஓடும், அதற்கு அப்பால் கடலும் உள்ளன. ஆகவே ஒரு பொருள் எவ்வளவு அழகாக இருக்கின்றது என்பதைவிட, அது ஈரத்தை என்ன செய்கின்றது, தனக்குப் பின்னால் உள்ளதை எந்த அளவுக்கு மறைக்கின்றது என்ற இரண்டு கேள்விகளே முக்கியமானவை.

சொல் வழக்கு

ஆங்கிலேயக் கடலோடிகளின் சொற்கள் நிலத்து வழக்கிலிருந்து வேறுபடுவதால், இத்துறை நூல்களைப் படிப்போர் எளிதில் குழப்பமடையக்கூடும். வீட்டுக் கூரையின் உட்பக்கத்தைக் குறிக்கும் "சீலிங்" என்னும் சொல், படகில் பக்கச் சுவர்களின் உட்புறத்தில் அறையப்படும் மெல்லிய பலகை வரிசையைக் குறிக்கும். "ஃபுளோர்" என்பது நடக்கும் தரை அன்று. படகின் அடியில் குறுக்காக அமைந்து வலுவூட்டும் சட்டமே அது. நடக்கும் தரைக்கு "சோல்" என்று பெயர். அதன் கீழே கசிவு நீர் வந்து சேரும் பள்ளம் "பில்ஜ்" எனப்படும். இச்சொல்லுக்கு ஈடாக இக்கட்டுரையில் அடிப்பள்ளம் என்பது பயன்படுத்தப்படுகின்றது.

வரலாறு

மரப் படகுகளின் காலத்தில் உட்புற மேற்பரப்பு என்பது பெரும்பாலும் படகின் மரமே. பக்கச் சுவர்களில் அறையப்பட்ட உட்பலகைகளுக்கு இடையே வேண்டுமென்றே இடைவெளி விடப்பட்டது. படுத்திருப்பவரின் படுக்கை ஈரமான வெளிப்பலகையில் படாமல் காப்பதும், அதே வேளை சட்டங்களுக்கு இடையே காற்று உலாவச் செய்வதும் இதன் நோக்கம். காற்றோட்டமில்லாத மரம் அழுகும் என்பதைப் படகு கட்டுவோர் பட்டறிவால் அறிந்திருந்தனர்.

ஐக்கிய அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்திலுள்ள பிரிஸ்டல் நகரில் படகுகளை வடிவமைத்துக் கட்டிய நத்தானியல் ஹெரஷாஃப் (1848–1938) என்பவரின் பெயரால் இன்றும் ஓர் உட்புறப் பாணி வழங்குகின்றது. தடுப்புச் சுவர்கள் முதலிய பரந்த பரப்புகளுக்கு வெள்ளை வண்ணமும், அவற்றின் விளிம்புகள், கைப்பிடிகள், சட்டங்கள் ஆகியவற்றுக்கு வார்னிஷ் பூசிய மரமும் கொடுப்பது இப்பாணி. வெள்ளைப் பரப்பு சிறிய சாளரங்களின் வழியே வரும் குறைந்த ஒளியையும் சிதறச் செய்து அறையைப் பெரிதாகக் காட்டுகின்றது. அழுக்கையும் கசிவுக் கறையையும் உடனே வெளிப்படுத்துகின்றது. கை படும் இடங்களில் வண்ணம் விரைவில் தேய்ந்து அசிங்கமாகும். வார்னிஷ் பூசிய மரத்தில் அத்தேய்வு அவ்வளவாகத் தெரியாது. வெறும் அழகுக்காக எழுந்ததாகத் தோன்றும் இப்பாணி, உண்மையில் பராமரிப்பு வசதியையும் ஒட்டியதே எனலாம்.

கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் கட்டப்படத் தொடங்கியபோது நிலைமை மாறியது. 1959 ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைக்கப்பட்ட 28 அடி நீளமுள்ள பியர்சன் டிரைட்டன் என்னும் பாய்ப் படகு, இம்மாற்றத்தின் தொடக்கங்களுள் ஒன்றாகப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அச்சில் வார்க்கப்பட்ட ஓட்டின் வெளிப்பக்கம் கண்ணாடி போல் வழவழப்பாக இருக்கும். ஆனால் உட்பக்கத்தில் இழைகள் துருத்திக்கொண்டு கரடுமுரடாகக் காணப்படும். இதை எதைக்கொண்டாவது மூடவேண்டிய தேவை எழுந்ததும், வினைல் துணியும் கம்பளமும் படகுக்குள் நுழைந்தன.

நீராவி ஒடுங்குதல்

படகு உட்புறத்தின் ஈரம் எல்லாம் கசிவினால் வருவது என்று நினைப்பது தவறு. பெரும்பகுதி, உள்ளே இருப்போரின் மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் வருகின்றது. ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும்.

20 °செ வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக ஏறத்தாழ 17 கிராம் நீராவியை ஏந்தக்கூடியது. சார் ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் அதில் 12 கிராம் நீராவி ஏற்கெனவே உள்ளது. சிறு படகொன்றின் அறை 10 கன மீட்டர் கொள்ளளவு உடையது என்று கொண்டால், அது மேலும் ஏற்கக்கூடியது 50 கிராம் அளவே. உறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவியை வெளியிடுகின்றார். ஆகவே காற்றுப் போக்கிகளை அடைத்துவிட்டு இருவர் படுத்தால், ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே அறைக் காற்று நிரம்பிய நிலையை எட்டிவிடும். சமையல் எரிவாயுவும் இதில் பங்கு கொள்கின்றது. ஒரு கிலோகிராம் புரொப்பேன் எரியும்போது 1.6 கிலோகிராமுக்குச் சற்று மேலான நீர் உண்டாகின்றது. எரிபொருளைவிட அதிலிருந்து வரும் நீர் கூடுதல் எடை கொண்டிருப்பது வியப்பாகத் தோன்றலாம்; எரிதலின்போது காற்றிலுள்ள ஒட்சிசன் சேர்வதே இதற்குக் காரணம்.

காற்று நிரம்பாதபோதும் ஒடுங்குதல் நிகழும். மேற்சொன்ன 20 °செ, 70 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட காற்றின் பனிநிலை ஏறத்தாழ 14 °செ ஆகும். அதற்குக் கீழ்ப்பட்ட வெப்பநிலையில் உள்ள எந்தப் பரப்பிலும் நீர்த்துளிகள் படியும். ஆங்கிலக் கால்வாயின் நீர் வசந்த காலத்தில் 10 °செ வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். கண்ணாடியிழை உலோகத்தைப் போல வெப்பத்தைக் கடத்துவதில்லை; எனினும் 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஓடு வெப்பத்தைத் தடுப்பதற்குப் போதாது. ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழுள்ள ஓட்டின் உட்பக்கம் கடலின் குளிர்ச்சியையே கொண்டிருக்கும். 25 மில்லிமீட்டர் மரப்பலகையால் கட்டப்பட்ட பழைய படகுகளில் இத்தொல்லை குறைவாக இருந்ததன் காரணமும் இதுவே.

இதிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்று உண்டு. குளிர்ந்த ஓட்டின்மேல் எந்த உறையைப் போர்த்தினாலும், அவ்வுறையின் வழியே காற்று பின்னால் செல்ல முடியுமாயின், நீர் அவ்வுறையின் பின்புறத்தில் ஒடுங்கும். கண்ணுக்குத் தெரியும் பக்கம் உலர்ந்திருக்க, தெரியாத பக்கத்தில் பூஞ்சணம் வளரும். இதைத் தவிர்க்க இரண்டு வழிகளே உள்ளன. நீரையும் காற்றையும் உட்புகவிடாத மூடிய நுண்ணறைகள் கொண்ட நுரைத் தகட்டை, இடையில் வெற்றிடம் இல்லாதபடி ஓட்டோடு முழுமையாக ஒட்டி, அதன்மேல் மேற்பரப்பை அமைக்கலாம். அல்லது பழைய மரப் படகுகளைப் போல இடைவெளி விட்ட பலகைகளை அமைத்து, பின்னால் காற்று தாராளமாக உலாவ விடலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அரைகுறை வேலையே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணமாகின்றது.

உப்பும் மழைநீரும்

கடல்நீர் பட்டு உலர்ந்த துணியில் உப்பு தங்கிவிடுகின்றது. தூய சாதாரண உப்பே சார் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் உப்புகள் அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே ஈரத்தை இழுக்கும். எனவே கடல்நீர் பட்ட மெத்தை உறையை எத்தனை நாள் வெயிலில் காயவைத்தாலும், மாலையில் அது மீண்டும் ஈரமாகிவிடும். நன்னீரால் அலசுவது ஒன்றே இதற்குத் தீர்வு. கழற்றி அலச முடியாதபடி ஒட்டப்பட்ட துணி வகைகள் படகுக்கு ஒவ்வாதவை என்று கூறப்படுவது இதனால்தான்.

மரத்தைப் பொறுத்தவரை கடல்நீரைவிட மழைநீரே கொடியது. உப்பு, மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றது. மேல்தளத்தில் திருகப்பட்ட கைப்பிடிக் கம்பிகள், கயிறு கட்டும் கொம்புகள் ஆகியவற்றின் துளைகள் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும் மழைநீருக்கு அத்தகைய குணம் இல்லை. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்து நின்றால் அழுகல் தொடங்கும் அபாயம் ஏற்படுகின்றது.

வண்ணப்பூச்சும் மேற்பூச்சுப் பிசினும்

மிகவும் எளிய, மலிவான, ஆனால் பலரும் கடைசியாகவே நினைக்கும் வழி, ஓட்டின் உட்பக்கத்தைத் தேய்த்துச் சமன்செய்து வண்ணம் பூசுவதாகும். பார்வையில் படாத பெட்டகங்களுக்கும் அடிப்பள்ளத்துக்கும் இதனிலும் சிறந்தது இல்லை.

கண்ணாடியிழையின்மேல் பூசப்படும் பாலியெஸ்ட்டர் பிசினைப் பற்றி ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். காற்றிலுள்ள ஒட்சிசன், பாலியெஸ்ட்டர் முழுதாக இறுகுவதைத் தடுப்பதால், அச்சில் பயன்படும் சாதாரணப் பிசினைத் திறந்த பரப்பில் பூசினால் அது பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். உட்பூச்சுக்கென விற்கப்படும் வகையில் சிறிதளவு மெழுகு கலந்திருக்கும். பிசின் இறுகும்போது மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைக்கின்றது. அம்மெழுகைத் தேய்த்து நீக்காமல் அதன்மேல் மறுபூச்சு கொடுத்தால் அது ஒட்டாது.

இருகூறு பாலியூரித்தேன் வண்ணம் மிகக் கடினமான பரப்பைத் தரும். ஆயினும் அதன் இறுக்கியில் உள்ள ஐசோசயனேட்டு நீடித்த ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. படகின் சிற்றறை போன்ற அடைபட்ட இடத்தில், தகுந்த மூச்சுக்காப்பு இன்றி அதைத் தெளிப்பது ஆபத்தானது. உட்புறத்தில் சூரிய ஒளியின் தாக்குதல் குறைவு என்பதால், தூரிகையால் பூசக்கூடிய ஒருகூறு வண்ணமே பெரும்பாலும் போதுமானது.

ஒட்டுப்பலகையும் மரமும்

தடுப்புச் சுவர்களும் அலமாரிகளும் பொதுவாக ஒட்டுப்பலகையால் ஆனவை. பி.எஸ். 1088 என்னும் பிரித்தானியத் தர எண் இடப்பட்ட கடல்சார் ஒட்டுப்பலகையே இதற்குப் பரிந்துரைக்கப்படுகின்றது. இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. கடல்சார் ஒட்டுப்பலகை என்றால் அது அழுகாது என்று பலர் கருதுகின்றனர். நீரில் விட்டுப்போகாதது அதன் பசையே. மரம் எதுவோ அதன் இயல்பையே பலகை கொண்டிருக்கும். எடை குறைவு என்பதால் விரும்பப்படும் ஆப்பிரிக்க ஓக்குமே மரம் அழுகலை எதிர்க்கும் திறன் குறைந்தது. நீர் நுழைவது பரப்பின் வழியே அன்று, வெட்டப்பட்ட விளிம்பின் வழியே ஆகும். ஆகவே பலகையைப் பொருத்துவதற்கு முன்னரே ஒவ்வொரு விளிம்புக்கும், திருகாணித் துளையின் உட்புறத்துக்குங்கூட, எப்பாக்சிப் பிசினை இரண்டு மூன்று முறை பூசி உறிஞ்சச் செய்தல் வேண்டும். பார்வையில் படும் முகத்துக்கு ஐந்து பூச்சு வார்னிஷ் கொடுத்துவிட்டு, தரையைத் தொடும் கீழ் விளிம்பை வெறுமனே விட்டுவிடுவது, பழைய படகுகளில் அடிக்கடி காணப்படும் குறையாகும்.

வார்னிஷுக்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெய் பூசுவோரும் உண்டு. எண்ணெய்ப் பூச்சைப் புதுப்பிப்பது எளிது. ஆனால் ஈரமான, இருண்ட உட்புறத்தில் இவ்வெண்ணெய் பூஞ்சணத்துக்கு உணவாகின்றது. மேலும் எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால், எண்ணெய் காற்றோடு வினைபுரிவதால் எழும் வெப்பத்தாலேயே அவை தாமாகத் தீப்பற்றக்கூடும். அவற்றை விரித்து உலர்த்திய பின்னரோ, நீரில் நனைத்தோ அகற்றுதல் வேண்டும்.

மரங்களுள் தேக்குக்குத் தனி இடம் உண்டு. அம்மரத்தின் ஆங்கிலப் பெயரே தென்னிந்தியச் சொல்லிலிருந்து போர்த்துக்கேயம் வழியாகச் சென்றதாகும். அதில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப்பொருள் அழுகலைத் தடுக்கின்றது. அதே எண்ணெய், பசை ஒட்டுவதையும் கெடுப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்னர் அசிட்டோனால் துடைப்பது வழக்கம். மியன்மார் 2014 ஏப்ரலில் வெட்டுமர ஏற்றுமதியைத் தடை செய்தது. 2021 இல் அங்கு நிகழ்ந்த இராணுவப் புரட்சிக்குப் பின்னர், அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின்மீது ஐரோப்பிய ஒன்றியம் பொருளாதாரத் தடை விதித்தது. இக்காரணங்களால், உட்புறத்துக்குச் சப்பேலே, இரோக்கோ போன்ற மரங்களைப் பயன்படுத்துவதும், தேக்கை மெல்லிய மேலேடாக மட்டும் ஒட்டுவதும் பொருத்தமாகத் தோன்றுகின்றன. சிறு படகொன்றின் உள்ளே, வெயிலும் மழையும் நேரடியாகப் படாத இடத்தில், திண்மத் தேக்கின் நீடித்த உழைப்பு வீணாகவே போகின்றது.

லேமினேட் தகடு

தமிழ்நாட்டுத் தச்சர்கள் "மைக்கா" என்று அழைக்கும் தகடே இது. பீனோலிக் பிசினில் தோய்த்த தாள் அடுக்குகளின்மேல் மெலமின் பிசின் தோய்த்த தாளை வைத்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்யப்படுகின்றது. இதில் மைக்கா கனிமம் எதுவும் இல்லை. 1913 இல் ஐக்கிய அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தொடங்கப்பட்ட ஃபார்மைக்கா நிறுவனம், மின்காப்புக்கு அதுவரை பயன்பட்ட மைக்காவுக்கு மாற்றாகவே இப்பொருளை உருவாக்கியது. பெயர் வந்த வழி அது.

சமையல் மேடைக்கும் மேசைக்கும் இதற்கு இணையானது அரிது. துடைத்தால் போதும். மெல்லிய பலகையின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டினால் பலகை வளைந்துவிடும் என்பதால், மறுபக்கத்திலும் ஒரு தகட்டை ஒட்டுதல் வேண்டும்.

வினைல் துணியும் கம்பளமும்

1970களின் படகுகளில் கூரைக்கும் பக்கச் சுவர்களுக்கும் மெல்லிய நுரை முதுகுகொண்ட வினைல் துணி ஒட்டப்பட்டது. வளைந்த பரப்புகளில் எளிதாகப் படிவதும், கரடுமுரடான ஓட்டை மறைப்பதும், தொடுவதற்கு மென்மையாக இருப்பதும் இதன் நன்மைகள். ஆனால் பாலியூரித்தேன் நுரை ஈரத்தாலும் காலப்போக்கிலும் சிதைந்து, ஒட்டும் தன்மையுள்ள பொடியாக மாறுகின்றது. வினைல் கெடுவதில்லை, அதைப் பிடித்திருக்கும் நுரையே கெடுகின்றது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் கூரைத்துணி பாய் போலத் தொங்கத் தொடங்கும். தொங்கும் துணியைப் புதிய பசையால் மீண்டும் ஒட்டும் முயற்சி பயன் தருவதில்லை. பசை பற்றுவது பொடியின்மீதே. துணியை முழுதாக உரித்து, நுரையின் எச்சத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கவேண்டியிருக்கும். இவ்வேலையில் எழும் தூசி தொண்டைக்கும் கண்ணுக்கும் கெடுதியானது; முகமூடி இன்றிச் செய்தல் கூடாது.

கம்பளம் ஒலியையும் குளிரையும் குறைக்கின்றது. பாலிபுரொப்பிலீன் இழை தானாக நீரை உறிஞ்சுவதில்லை என்பதால் கம்பளி, பருத்தி ஆகியவற்றைவிட மேலானது. எனினும் இழைகளுக்கு இடையே உப்பும் அழுக்கும் தங்குவதைத் தடுக்க இயலாது. தரையில் விரிப்பதாயின் சுருட்டி எடுத்து வெளியே அலசக்கூடிய துண்டாக இருப்பதே தகும்.

தரை

தேக்கின் பழுப்புப் பட்டைகளும் இடையிடையே வெளிர் நிறக் கோடுகளும் கொண்ட தரை, பாய்ப் படகுகளின் அடையாளம் போல் ஆகிவிட்டது. இன்று அது பெரும்பாலும் ஒட்டுப்பலகையின்மேல் ஒட்டிய மெல்லிய மேலேடே. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள ஏட்டைப் பலமுறை தேய்த்துப் புதுப்பிக்க முடியாது. பளபளப்பான வார்னிஷ் ஈரக் காலில் வழுக்கும். சாய்ந்து செல்லும் படகில் வழுக்கி விழுவது எலும்பு முறிவில் முடியலாம். ஆகவே தரைக்கு வழுக்காத் தன்மையே முதல் தகுதி, தோற்றம் பின்னரே.

தரைப்பலகைகள் கருவியின்றித் தூக்கக்கூடியனவாகவும், அதே வேளை தாமாகக் கழன்று விழாதனவாகவும் இருத்தல் வேண்டும். 1979 ஆகஸ்டில் நடைபெற்ற ஃபாஸ்ட்நெட் பாய்ப் படகுப் பந்தயத்தின்போது வீசிய புயலில், பல படகுகள் பக்கவாட்டில் அடித்துச் சாய்க்கப்பட்டன; சில முழுதாக உருண்டன. பந்தயத்தில் கலந்துகொண்ட 15 பேர் உயிரிழந்தனர். தலைகீழாகும் படகில், பூட்டப்படாத தரைப்பலகை உள்ளே இருப்போர்மீது வீசப்படும் ஆயுதமாகிவிடும். திருப்பிப் பூட்டும் சிறு தாழ் ஒன்று இதற்குப் போதுமானது.

அடுப்புக்கு அருகில்

சிறு படகில் அடுப்புக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி கிடைப்பதே அரிது. வினைல், கம்பளம், நுரை, திரைச்சீலை ஆகிய எவையும் இங்கு இருத்தல் ஆகாது. துருவேறா எஃகுத் தகட்டை, பின்னால் சிறிது காற்றிடைவெளி விட்டுப் பொருத்துவது வழமையான தீர்வு. சிறு கலங்களின் தீப்பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 9094 தரம் அடுப்பைச் சுற்றியுள்ள பகுதியின் பொருட்களுக்கெனத் தனி நிபந்தனைகளை விதிக்கின்றது.

எடை

ஒரு சதுர மீட்டர் அளவுள்ள 12 மில்லிமீட்டர் ஓக்குமே ஒட்டுப்பலகை ஏறத்தாழ 5½ கிலோகிராம். அதே தடிப்பில் தேக்கு 8 கிலோகிராமை ஒட்டும். லேமினேட் தகடு ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேல். 20 மில்லிமீட்டர் கருங்கல் மேடை 54 கிலோகிராம் அளவுக்கு வரும். வீட்டுச் சமையலறையைப் படகில் காண விரும்புவோர் இந்த எண்ணை நினைவிற் கொள்வது நல்லது. நீர்மட்டத்துக்கு மேலே சேர்க்கப்படும் எடை, படகு நிமிர்ந்து நிற்கும் திறனையும் குறைக்கின்றது.

கழற்றக்கூடிய தன்மை

படகின் ஓட்டில், கழிவுநீர் வெளியேறவும் இயந்திரம் குளிர்நீரை இழுக்கவும் நீர்மட்டத்துக்குக் கீழே துளைகள் உள்ளன. ஒவ்வொரு துளைக்கும் ஓர் அடைப்பிதழும் ஒரு குழாயும் உண்டு. குழாய் கழன்றாலோ அடைப்பிதழ் உடைந்தாலோ, கூம்பு வடிவ மென்மரக் கட்டை ஒன்றைத் துளையில் அடித்து நீரை நிறுத்துவது மரபு. அக்கட்டையைத் துளையின் அருகிலேயே கயிற்றில் கட்டி வைப்பர். ஆனால் கட்டை கையில் இருந்தும் துளையை எட்ட முடியாவிட்டால் பயன் இல்லை. அழகாக மூடப்பட்ட உட்புறங்களில் நேரும் பெருங்குறை இதுவே. உட்கூடு முழுவதையும் ஒரே வார்ப்பாகச் செய்து ஓட்டுக்குள் இறக்கிப் பொருத்திய படகுகளில், ஓட்டின் பெரும்பகுதியைத் தொடவே இயலாது. ஏதேனும் மிதக்கும் பொருளில் மோதி ஓடு பிளந்தால், தண்ணீர் வரும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கே உட்கூட்டைக் கோடாரியால் உடைக்க வேண்டியிருக்கலாம்.

ஆகவே புதுப்பிப்போர், ஒட்டுவதைவிடத் திருகுவதைத் தெரிவு செய்தல் நன்று. கூரையில் வினைலை நேரடியாக ஒட்டாமல், 4 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைத் துண்டுகளின்மேல் போர்த்தி, அத்துண்டுகளை மரப் பட்டிகளால் பிடித்து நிறுத்தலாம். மேல்தளத்தில் கைப்பிடி ஒன்று கசிந்தால், ஒரு பட்டியைக் கழற்றி, அதன் சுரையை இறுக்கிவிட்டு மீண்டும் பொருத்தப் பத்து நிமிடமே ஆகும். திருகாணிகள் துருவேறா எஃகாகவோ வெண்கலமாகவோ இருத்தல் வேண்டும். அவற்றின் தலைகளை மரக்குமிழால் மூடி மறைப்பது அழகாக இருப்பினும், அடிக்கடி கழற்றும் இடங்களில் தலைகளை வெளியே தெரிய விட்டு, அடியில் குழிந்த வளையம் இடுவதே படகு கட்டுவோரின் வழக்கம்.